கடைசி இலக்கத்தில் சேறு

விண்ணப்பம் அனுப்பி முப்பத்தேழு நாள்.
பெற்றுக்கொண்டோம் என்று ஒரு கடிதம் வந்தது.
அனுப்பியவர் பெயர் இல்லை,
இதற்குப் பதில் எழுத வேண்டாம்
என்று மட்டும் இருந்தது.

புவேர்ட்டோ மான்ட்டில் மழைக்கு ஓய்வே கிடையாது.
எனக்குத்தான் ஓய்வு.
சால்மன் ஆலையை மூடிய அன்று
பதினோரு வருடக் குளிரை
ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்:
கையுறை, அலமாரிப் பூட்டு,
இனி எந்தக் கதவையும் திறக்காத அட்டை.

சின்கிவே சாலையில் பேருந்துக்கு நின்றபோது
அந்தக் குளிர்சாதன லாரி கடந்தது.
கம்ப்ரஸர் இருமிக்கொண்டே போனது.
என் காது தானாகவே அதன் பின்னால் ஓடியது.
பின்கதவில் தொலைபேசி எண்.
எட்டு இலக்கம் தெளிவு.
ஒன்பதாவதன்மேல் சேறு.

இரவு முழுக்க எண்ணிக்கொண்டே கிடந்தேன்.
விடிந்ததும் எண்ணுவதை விட்டு
எண்களை அழுத்தினேன்.

பூஜ்யம்: அப்படி ஓர் எண்ணே இல்லை.
ஒன்று: பல் மருத்துவமனை.
வியாழன் மாலை வரமுடியுமா என்று கனிவாகக் கேட்டார்கள்.
இரண்டில் ஒரு சிறுமி.
அப்பா தூங்குகிறார், வேண்டுமானால்
நாயிடம் சொல்லுங்கள் என்று அதன் காதில் வைத்தாள்.
சொன்னேன்:
குளிர்சாதனம் பழுதுபார்ப்பவள்,
இரவு வேலைக்கும் வருவேன்.
குறுக்கே பேசாமல் கேட்டது.
எந்த நேர்காணலிலும் என்னை
அப்படி யாரும் கேட்டதில்லை.

மூன்றை எடுக்க ஆளில்லை.

நான்கு: கரகரத்த குரல்.
'லாரியா? இல்லையம்மா.
இருந்த வேலையும் போன மாதம் போயிற்று.
உங்களுக்குக் கிடைத்தால்
எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.'
சிரித்தார். நானும்.
வைக்கும் முன் பெயர் கேட்டேன், எதற்கென்று தெரியாமல்.
ஓஸ்வால்தோ மான்சில்யா.

ஐந்தில் திட்டினார்கள். ஆறிலும்.
கைப்பேசியில் மிச்சமிருந்த காசு
இன்னும் ஓர் அழைப்பைத் தாங்கும்.

ஏழு.
பின்னணியில் சுத்தியல்.
'யாரது? சீக்கிரம் சொல்,
லாரிக்கு அடியில் கிடக்கிறேன்.'

மனப்பாடம் செய்த மதிப்புக்குரிய ஐயாவும்
பணிந்து சமர்ப்பிக்கும் சான்றிதழ்களும்
தொண்டையிலேயே உறைந்துபோயின.
வாயுள்ள பிள்ளை பிழைக்குமாம்.
என் வாய்க்கு வந்தது இவ்வளவுதான்:
'உங்கள் கம்ப்ரஸர் இருமுகிறது.'

சுத்தியல் நின்றது.
அவர் பக்கமும் மழை பெய்வது கேட்டது.
'பெல்ட்டை நேற்றே மாற்றிவிட்டேனே.'
'பெல்ட் இல்லை. வெளியே வந்து வண்டியை ஓடவிடுங்கள்.
போனை அதன் பக்கத்தில் பிடியுங்கள்.'

பிடித்தார்.
சமையலறைச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன்.
முப்பத்தேழு நாளில் முதல்முறையாக
ஒன்று எனக்குப் பதில் சொன்னது:
கர்ர், டக், கர்ர்.
'கிளட்ச் பேரிங். இரண்டு நாள் தாங்கினால் அதிகம்.
மீனை வேறு வண்டிக்கு மாற்றுங்கள்.'

'இந்த எண்ணை யார் கொடுத்தது?'
'உங்கள் லாரி. ஆனால் முழுதாகக் கொடுக்கவில்லை.
இது எட்டாவது அழைப்பு.'

அவர் யோசித்தார்.
யோசித்து முடிப்பதற்குள் என் காசு தீர்ந்தது.

சூடாக, ஊமையாக இருந்தது கைப்பேசி.
நாயிடம்கூட என் பெயரைச் சொல்லவில்லை என்று
அப்போதுதான் உறைத்தது.
காபி போட்டேன். குடிக்கவில்லை.
பக்கத்து வீட்டுக் கூரைத்தகரத்தில்
மழை தட்டுவதை எல்லாம்
மணி என்று நினைத்தேன்.

பிறகு நிஜமாகவே அடித்தது.
'திங்கள், காலை ஆறு. மூன்று வாரம் பார்ப்போம்.
சம்பளத்தைப் பெரிதாக நினைக்காதே.
பெயர் என்ன?'
நெலிடா கார்க்கமோ.
எழுதுகிற சத்தம் கேட்டது, அல்லது மழை.
'ஓட்டுநர் ஒருவரும் வேண்டும்,
யாரையாவது தெரியுமா?'

முனைக்கடைக்கு ஓடினேன்.
ரொட்டிக்கு வைத்திருந்த ஆயிரம் பெசோவுக்கு
அழைப்பு வாங்கினேன்.
எட்டு இலக்கம் இப்போது விரலுக்கே தெரியும்.
அப்புறம் நான்கு.

வண்டி ஓட்டத் தெரியுமோ, தெரியாதோ.
மணி போகிறது, போகிறது.
எடுங்கள், ஓஸ்வால்தோ.